அம்மாவுக்கு மாதத்தில் மூன்று கிளினிக், மூன்றும் மூன்று நாளில். ஒரே நாளாக்க யாரிடம் கேட்பது?

குளக்கட்டு மகள் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது ஏ9 வீதியிலிருந்து 18 கிலோமீட்டர் உள்ளே, குளத்துக்குப் பின்பக்கம் உள்ள ஒரு குடியேற்றத்தில். அம்மாவுக்கு 67 வயது. பதினாலு வருடமாகச் சீனி வருத்தம். இரண்டு வருடத்துக்கு முதல் கண்ணிலும் தாக்கம் என்றார்கள். போன வருடம் இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) கூடிவிட்டது என்று சிறுநீரகக் கிளினிக்குக்கும் போட்டார்கள். கண்ணுக்கு லேசர் தொடங்கியதால் இப்போதைக்கு மூன்றுமே மாதா மாதம்தான். ஒன்று முதல் செவ்வாய், ஒன்று இரண்டாவது வியாழன், மற்றது மாதக் கடைசியில்.

முதல் பஸ் சந்திக்கு 5.10க்கு வரும். அதை விட்டால் அடுத்தது 7.30க்கு, அதில் போனால் நம்பர் முடிந்துவிடும். ஆகவே அம்மா 3.30க்கு எழும்பி, நாலரைக்கு ஓட்டோவில் வெளிக்கிட்டு, ஆறரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும். மாரி என்றால் ஓட்டோவும் உள்ளே வராது, ஒன்றரைக் கிலோமீட்டர் சேற்றுக்குள் நடை. இரண்டு பேர் போய் வர 2,000 ரூபாவுக்குக் குறையாது. நான் தையல் வேலை செய்கிறேன், போகிற நாளில் உழைப்பும் இல்லை. மருந்து இலவசம்தான், அதற்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. ஆனால் அந்த இலவச மருந்தை எடுக்க மாதம் மூன்று தரம் இப்படிச் செலவழிக்க எங்கள் வீட்டில் வசதி இல்லை, போன கார்த்திகையில் கண் கிளினிக்கை அம்மா தானாகவே விட்டுவிட்டா. "கண் பிறகு பார்ப்பம் பிள்ளை" என்றா.

போன மாதம் நடந்ததையும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு இரத்தம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா வழமை போல நாலு மணிக்கு இன்சுலின் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டா. எனக்கும் அது விளங்கவில்லை. ஒன்பதரை மணிக்கு லைனில் நிற்கும்போது நெற்றி முழுக்க முத்து முத்தாக வியர்வை, கை ஐஸ் மாதிரி, என்னைப் பார்த்து யாரோ போலக் கதைக்கிறா. பின்னால் நின்ற ஒரு அக்கா தன் பையிலிருந்து டொபி எடுத்து அம்மாவின் வாயில் வைத்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே ஏலாது. பிறகு டொக்டரிடம் உள்ளே போனோம். சிங்கள டொக்டர், சின்னப் பிள்ளை, சிரித்த முகம், அவரில் ஒரு பிழையும் சொல்ல மாட்டேன். இன்சுலின் அளவை மாற்றி எழுதிவிட்டு அம்மாவிடம் ஏதோ விளங்கப்படுத்தினார், அம்மா "ஓம் ஓம்" என்று தலையாட்டினா. வெளியே வந்து கேட்டேன், அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

மூன்று கிளினிக்கையும் ஒரே நாளில் போடச் சொல்லிக் கேட்க முடியுமா? யாரிடம் கேட்பது? கேட்டால் கோபிப்பார்களா? இது எங்கள் உரிமையா, அல்லது அவர்கள் இரங்கிச் செய்கிற உதவியா என்பதே எனக்குத் தெரியவில்லை. தனியாரிடம் காட்டச் சொல்லி மட்டும் எழுத வேண்டாம்.

வார்ட் மிஸ்ஸி (தாதி)

தங்கச்சி, முதலில் அவசரமானது. வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனை நாளில் இரத்தம் எடுத்து முடியும் வரை காலை இன்சுலினும் வேண்டாம், காலைச் சீனிக் குளிசையும் வேண்டாம். பையில் கொண்டு போங்கள், இரத்தம் கொடுத்த உடனே போட்டுவிட்டுச் சாப்பிடச் செய்யுங்கள். இரவு போடுகிற இன்சுலின் இருந்தால் அதை எப்படி வைப்பது என்று அடுத்த முறை கட்டாயம் கேளுங்கள். பையில் எப்போதும் குளுக்கோஸோ சீனியோ இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் லைனில் நிற்காதீர்கள், நேரே உள்ளே கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்கிற மிஸ்ஸியிடம் "சீனி இறங்கிவிட்டது" என்று சத்தமாகச் சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டோம். இதை உங்களுக்கு முதலே சொல்லித் தந்திருக்க வேண்டியது எங்கள் ஆட்கள். அது எங்கள் பக்கப் பிழை.

கிளினிக் நாட்கள் ஏன் பிரிந்து கிடக்கின்றன என்றால், ஒவ்வொரு நிபுணருக்கும் அறை, மிஸ்ஸி, கிளினிக் நாள் என்று தனியாக ஒதுக்கியிருப்பார்கள். கண் டொக்டர் சில இடங்களில் இரண்டு ஆஸ்பத்திரி பார்ப்பவர். இந்த அட்டவணையைப் போடும்போது உங்கள் 5.10 பஸ் யாருடைய நினைவிலும் வராது. ஆனால் நோயாளி கேட்டால் மாற்றித் தந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சீனிக் கிளினிக்கைப் பார்க்கிற பொது வைத்திய நிபுணரிடமே கேளுங்கள், அம்மாவின் கிளினிக் கொப்பியில் முக்கியமானவர் அவர்தான். வாயால் சொன்னால் அந்த நெரிசலில் காற்றோடு போய்விடும். ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தெந்தக் கிளினிக், எந்தெந்த நாள், வீடு எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மணிக்கு, என்ன கேட்கிறீர்கள். அதைக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாது. சீனியும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருந்தால் மாத மருந்தை உங்களுக்குக் கிட்டவுள்ள பிரதேச வைத்தியசாலையில் எடுக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலு மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருக்கா நிபுணரைப் பார்க்க வந்தால் போதும். அதற்கு நிபுணர் ஒரு கடிதம் தர வேண்டும். கேட்பதற்கு முதல் அங்கே இன்சுலின் ஒழுங்காக வருகிறதா என்று போய் விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்துக்கும் அலைய வேண்டி வரும்.

வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதோ தெரியாது. இல்லையென்றால் மண்பானை முறை நல்லது. பெரிய சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்ன முட்டி, முட்டிக்குள் இன்சுலின் குப்பியைப் பொலித்தீனில் கட்டித் தண்ணீர் படாமல் வைத்து ஈரத் துணியால் மூடுங்கள். மணலுக்கு நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் தெளிக்க வேண்டும், நிழலில் காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியில் வைத்த இன்சுலினைப் போட்டுவிட்டு "மருந்து பிடிக்குதில்லை" என்று வருகிறவர்கள் எத்தனை பேர்.

இரணைமடுத் தண்ணி

எங்கள் அப்பாவுக்கும் இதே கதைதான் சகோதரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். 2020 இல் கொரோனா ஊரடங்கு நேரம் கிளினிக் மருந்தை வீட்டுக்கே அனுப்பினார்கள், ஞாபகம் இருக்கிறதா? தபால்காரர் கொண்டு வந்து தந்தார். எங்கள் ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டு, பெட்டியில் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அந்தப் பெட்டியை இன்னும் வைத்திருக்கிறார். நாடே முடங்கிக் கிடந்த காலத்தில் செய்ய முடிந்தது என்றால், பஸ் ஓடுகிற இந்தக் காலத்தில் நிலையாக உள்ள நோயாளிக்கு இரண்டு மாத மருந்தைச் சேர்த்துத் தர ஏன் முடியாது?

இருப்பு இல்லை என்பார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அது உண்மைதான், அப்பாவுக்கு எத்தனையோ தரம் மருந்து கொடுக்கும் இடத்தில் பாதியைத் தந்துவிட்டு மீதிக்கு வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். துண்டு என்றால் பார்மசி, பார்மசி என்றால் காசு. காசுள்ளவனுக்குத் துண்டு ஒரு தாள். எங்கள் அப்பாவுக்கு அந்த மாதம் பிரஷர் மருந்தே இல்லை, என்னிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டார். இருக்கிற மருந்தில் முதலில் தூரத்து ஆட்களுக்கும் வருமானம் இல்லாதவர்களுக்கும் முழுதாகக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. எல்லாருக்கும் சமமாகப் பாதி கொடுத்தால், டவுனில் கடை வைத்திருப்பவர் மிச்சத்தை வாங்கிவிடுவார், கொக்குத்தொடுவாயிலிருந்தும் பாண்டியன்குளத்திலிருந்தும் வருகிறவர் பாதியோடு திரும்புவார்.

கிளினிக் மேசை

நான் டொக்டர். வன்னியில் மூன்றாவது வருடம் வேலை செய்கிறேன், இடம் சொல்ல விருப்பமில்லை.

அக்கா, உங்கள் அம்மா லைனில் நின்றதைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. எங்கள் மேசையின் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை நானும் இன்னொரு டொக்டரும் 180 கொப்பி பார்க்கிறோம். ஒருவருக்கு மூன்று நிமிடம் சொச்சம். அதற்குள் பிரஷர், ரிப்போட், மருந்து எழுதுவது எல்லாம். 2022க்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், இங்கே வருகிறவர்களும் கட்டாயக் காலம் முடிந்ததும் ஊர்ப்பக்கம் மாறிப் போகிறார்கள். அதனால் உங்கள் அம்மா ஒவ்வொரு வருடமும் ஒரு புது முகத்துக்குத் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் மிகப் பெரிய நட்டம் இதுதான் என்பேன்.

மொழி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சிங்களம் பேசுகிற டொக்டர்மார் வந்திராவிட்டால் இந்தப் பக்கம் பல கிளினிக் நடந்தே இருக்காது. அவர்களில் பலர் கஷ்டப்பட்டுத் தமிழ் படிக்கிறார்கள். ஆனால் வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பிலேயே, 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. மொழியின் பாரத்தை ஒரு 67 வயது அம்மாவின் தலையாட்டலில் இறக்கி வைக்க முடியாது. மேசைக்குப் பக்கத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரை இருத்துவது பெரிய செலவே இல்லை. அது வரும் வரைக்கும் நீங்கள் இதைச் செய்யுங்கள்: டொக்டர் சொல்லி முடித்ததும் எழும்பாமல், பக்கத்து மிஸ்ஸியைக் கூப்பிட்டு, "அம்மா இப்ப எத்தனை யூனிற் போட வேணும், எப்ப போட வேணும் எண்டு அம்மாவையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். "விளங்கினதா?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்கு. திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் உண்மை தெரியும்.

கதை கேட்க நேரம் இல்லாதது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒன்று. முதுகுவலிக்கு எம்ஆர்ஐ (காந்த ஸ்கான்) எழுதியிருந்த ஒரு அம்மா, என் மேசையில் வேறு விஷயமாக இருந்தா. சும்மா கதைக்கும்போது தோளைத் தடவிக்கொண்டு "இதுக்குள்ள இன்னும் கிடக்கு தம்பி" என்றா. ஷெல் துண்டு. 2009 சண்டையிலிருந்து கிடக்கிறது. கொப்பியின் எந்தப் பக்கத்திலும் அது இல்லை. உடம்பில் இரும்புத் துண்டு உள்ளவரை எக்ஸ்றே பார்த்து முடிவெடுக்காமல் அந்த மெஷினுக்குள் விடக்கூடாது, காந்தம் துண்டை அசைக்கும். ஸ்கான் எடுக்கிற இடத்தில் வழமையாகக் கேட்பார்கள்தான், ஆனால் அங்கே அந்தக் கேள்வி விளங்காமல் இந்த அம்மாவும் "ஓம், இல்லை" என்று ஏதோ சொல்லியிருந்தால்? இதை வாசிக்கிற வன்னிச் சனம் எல்லாரிடமும் கேட்கிறேன், உடம்பில் துண்டு இருந்தால் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

நாற்காலிக்காரன்

நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன். 2009 சித்திரையில் சண்டைக்குள் முள்ளந்தண்டில் காயம் பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சலக்குழாய் மாற்றவும் புண்ணுக்கு மருந்து கட்டவும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்து கொடுக்கிற யன்னல் நிற்கிறவர்களின் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. நான் கீழே இருந்து கையை நீட்டினால் உள்ளே இருப்பவருக்கு என் விரல்தான் தெரியும். மலசலகூடக் கதவுக்குள் என் நாற்காலி போகாது. சாய்தளம் ஒன்று கட்டினார்கள், அதன் வாயில் மோட்டார் சைக்கிள்களை விடுகிறார்கள். இதெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க ஏலாதது எது என்றால், என்னைத் தள்ளிக்கொண்டு வருகிற மருமகனைப் பார்த்து "இவருக்கு என்ன செய்யுது?" என்று கேட்பது. மருமகனுக்குப் பதினாறு வயது. என் புண் எத்தனை நாளாக ஊறுகிறது, இரவில் காய்ச்சல் வந்ததா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? என்னிடம் கேளுங்கள், எனக்கு வாய் இருக்கிறது.

ஒரே ஒரு மிஸ்ஸி, மாற்றலாகிப் போய்விட்டா, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கண் மட்டத்துக்கு இருந்து, "அண்ணை, உங்களுக்கு எந்த நாள் வர வசதி?" என்று கேட்டா. பதினைந்து வருடத்துக்கு மேல் போய் வருகிறேன், அந்தக் கேள்வியை வேறு ஒருவரும் கேட்டதில்லை.

தங்கச்சி, நீங்கள் கட்டாயம் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்)

பிள்ளை, உரிமையா உதவியா என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்குத்தான் நான் எழுத வந்தேன். 1951 இல் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவின் கொப்பி இரக்கத்தில் தந்த கொப்பி இல்லை. நீங்கள் கடையில் சீனி வாங்கினாலும் வரி கட்டுகிறீர்கள்.

நான் 31 வருடம் வன்னிக் காட்டுக்குள் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் திரிந்தவன். என் மனதில் எப்போதும் கிடக்கிற ஒரு கேள்வியைச் சொல்கிறேன். 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் நாட்டில் ஒரு நல்ல பழக்கம் உண்டு, கர்ப்பிணித் தாயைத் தேடி மிட்வைஃப் வீட்டுக்குப் போவா. சண்டைக்குள்ளும் போனார்கள், வெள்ளத்துக்குள்ளும் போனார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு எடை பார்க்கத் தராசோடு போய் நின்ற எங்கள் பிள்ளைகளை நான் அறிவேன். இந்த நாட்டில் பிரசவத்தில் தாய் சாவது இவ்வளவு குறைந்ததில் அந்த நடைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதே தாய்க்கு 67 வயதாகி, சீனியும் சிறுநீரகமும் என்று வந்தவுடன், அவவைத் தேடி ஒருவரும் போவதில்லை, அவ 5.10 பஸ் பிடித்து எங்களைத் தேடி வர வேண்டும். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் என்று கட்டிய ஒழுங்கு இது, வந்து மாறிப் போகிற நோய்க்குச் சரி. சாகும் வரை கூட வருகிற நோய்க்கு ஆஸ்பத்திரிதான் கொஞ்சம் நடந்து வர வேண்டும். இரத்தத்தைப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையில் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் வெறும் வயிற்றோடு அந்த அம்மா இரண்டு மணித்தியாலம் பயணம் செய்யத் தேவையில்லை. சில இடங்களில் இதைச் செய்கிறார்கள். உங்கள் இடத்தில் செய்கிறார்களா என்று கேளுங்கள்.

சிறுநீரகத்தைப் பற்றி ஒன்று. வவுனியா வடக்கு, செட்டிகுளம் பக்கம் காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோய் இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆரம்பத்தில் ஒரு குணமும் காட்டாது. அம்மாவுக்குச் சீனியால்தான் என்றாலும், வீட்டில் மற்றவர்களும் ஒருக்கா சலமும் இரத்தமும் சோதித்து வையுங்கள். வயல் வேலை முடித்து உடம்பு நோகிறது என்று கடையில் நோக்குளிசை வாங்கிப் போடுவதை அம்மாவுக்கு முற்றாக நிறுத்துங்கள், டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். சிறுநீரக நோயாளருக்கு மாதக் கொடுப்பனவு ஒன்று உண்டு, 2025 இல் 10,000 ரூபா ஆக்கினார்கள். அம்மாவுக்குப் பொருந்துமா என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். அந்தக் காசு பஸ்ஸுக்காவது உதவும்.

இனி, கேட்கிற விதம். தனியாகக் கேட்டால் ஒரு அம்மாவுக்கு மாற்றித் தருவார்கள். நாங்கள் ஒருமுறை மூன்று கிராமத்தில் வீடு வீடாகப் போய், யார் எந்தக் கிளினிக், எந்த நாள், எந்த பஸ் என்று ஒரு கொப்பியில் எழுதினோம். 41 பேர். அதில் 26 பேர் மாதத்தில் ஒரு தரத்துக்கு மேல் போகிறவர்கள். அதை நோயாளர் நலன்புரிச் சங்கக் கூட்டத்தில் வைத்துப் பொறுப்பு வைத்திய அதிகாரியிடம் கொடுத்தோம். அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது எனக்கு இதுவரை ஒருவரும் சொல்லவில்லை" என்றார். நாலு மாதம் எடுத்தது, ஆனால் அந்தப் பக்க ஆட்களுக்குப் புதன் என்று ஒரு நாள் வந்தது. எல்லாக் கிளினிக்கும் இல்லை, இரண்டு மட்டும். உங்கள் ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு சங்கம் இருக்கும், இல்லாவிட்டால் மாதர் சங்கம் ஊடாகச் செய்யுங்கள்.

பதில் வராவிட்டால் மாகாணத்தின் கீழ் உள்ள ஆஸ்பத்திரி என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது. கிளினிக் நாட்கள் எப்படித் தீர்மானிக்கப்படுகின்றன, மொழிபெயர்ப்புக்கு யார் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தருவார்களா மாட்டார்களா என்று பதில் சொல்ல வேண்டும். ஆனால் முதலில் தாளோடு போய் முகத்தைப் பார்த்துக் கதையுங்கள். சட்டத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

குளக்கட்டு மகள்

எல்லாருக்கும் பெரிய நன்றி. பதில் எழுதத் தாமதித்துவிட்டேன், இந்தச் செவ்வாய் கிளினிக் முடியட்டும் என்று பார்த்திருந்தேன்.

மிஸ்ஸி அக்கா சொன்னபடி ஒரு பக்கத்தில் எழுதிக் கொப்பிக்குள் வைத்தேன். டொக்டர் அதை வாசித்துவிட்டு மிஸ்ஸியைக் கூப்பிட்டார். கண் கிளினிக்கை அடுத்த மாதத்திலிருந்து அதே செவ்வாய்க்கு மாற்றலாம், அங்கே கேட்டுச் சொல்கிறேன் என்றா, மத்தியானம் சரியென்று கொப்பியில் எழுதித் தந்தா. சிறுநீரகம் மாற்ற ஏலாதாம், அந்த நிபுணர் அந்த ஒரு நாள்தான் வருகிறார். பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றிக் கேட்டதற்குச் சீனி இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், மூன்று மாதம் பார்ப்போம் என்றார்கள்.

பிறகு நான் அம்மாவைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். "காலமை பதினாறு, பின்னேரம் பத்து" என்றா. மிஸ்ஸி கொப்பியைப் பார்த்துவிட்டு, "இல்லையம்மா, காலமை பதினாலு" என்றா. பதினாறு பழைய அளவு. போன மாதம் டொக்டர் குறைத்து எழுதியது அதைத்தான், அம்மா ஒரு மாதமாகப் பழைய அளவையே போட்டிருக்கிறா.

நாற்காலி அண்ணை, உங்கள் பதிலை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். எங்கள் கிராமத்தில் கிளினிக் போகிற ஆட்களை எழுத ஒரு கொப்பி வாங்கியிருக்கிறேன். நேற்றுப் பின்னேரம் வரை ஒன்பது வீடு முடிந்தது, பதினொரு பெயர். ஞாயிறு குளத்துக்கு அந்தப் பக்கம் போகப் போகிறேன்.